குறையே இல்லாத வீடியோ கேம் என்று ஒன்றைச் சொல்ல முடியுமா?

எட்டுபிட்

"உங்களுக்கு மிகவும் பிடித்த கேம் எது" என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும், எல்லாமே சரிதான். என் கேள்வி இது: ஒரு கேமை மறுபடி செய்யும் வாய்ப்பை முழுசாக உங்கள் கையில் கொடுத்தால், எதையும் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எந்த கேமைச் சொல்வீர்கள்?

விமர்சன மதிப்பெண்களை ஆதாரமாகக் கொண்டு வர வேண்டாம். 1998-ல் நின்டெண்டோவின் சாகச கேமான ஆக்கரினா ஆஃப் டைம் வந்தபோது ஃபாமிட்சு என்ற ஜப்பானிய கேம் இதழின் நான்கு விமர்சகர்களும் பத்துக்குப் பத்து போட்டார்கள். அந்த இதழ் 40-க்கு 40 கொடுத்தது அதுவே முதல் முறை. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதற்கு 100-க்கு 99. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதற்கு அந்த எண்கள் சாட்சி. உள்ளே குறை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

என் தேர்வு டெட்ரிஸ். மேலிருந்து விழும் வடிவங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் நிரம்பிய வரி அழியும், பலகை நிரம்பினால் தோல்வி. சோவியத் அறிவியல் கழகத்தின் மாஸ்கோ கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் எழுதியது. அதில் படம் வரையும் வசதியே கிடையாது, கட்டங்களை அடைப்புக்குறிகளால் காட்டினார். இன்று எந்தத் திரையில் போட்டாலும் யாரும் விளக்காமலே ஒரு நிமிடத்தில் ஆடத் தொடங்கிவிடலாம். ஏழு வடிவங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சதுரங்கள். மூன்று சதுரமாகக் குறைத்தால் இரண்டே வடிவங்கள்தான் கிடைக்கும், சப்பென்று போய்விடும். ஐந்தாகக் கூட்டினால் 18 வடிவங்கள், தலை சுற்றும். அவருமே ஐந்து சதுரப் புதிரிலிருந்து தொடங்கி நான்குக்கு இறங்கி வந்தவர்தான்.

இதில் எதைத் தொடுவீர்கள்?

ஜாய்ஸ்டிக்

எந்த டெட்ரிஸைச் சொல்கிறீர்கள் ப்ரோ? அதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

1989-ல் நின்டெண்டோ தன் என்இஎஸ் கன்சோலுக்கு வெளியிட்ட பதிப்பை எடுங்கள். அதில் அடுத்து என்ன வடிவம் வரும் என்பது ஏறக்குறைய குருட்டு அதிர்ஷ்டம். நான்கு வரிகளை ஒரே அடியில் அழிக்க நீளக் குச்சி வேண்டும். ஓரத்தில் ஒரு பள்ளம் விட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். வடிவங்கள் வந்துகொண்டே இருக்கும், குச்சி மட்டும் வராது. நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் தோற்பீர்கள். எஸ், இஸட் வடிவங்கள் மட்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரருக்கும் பலகை நிரம்பியே தீரும் என்று கணிதத்தில் நிறுவியே காட்டியிருக்கிறார்கள். முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய கேமில் அப்படியொரு வரிசை என்றாவது வந்தே தீரும்.

பிற்காலப் பதிப்புகளில் இதைத் திருத்தினார்கள். ஏழு வடிவங்களையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள், காலியானதும் அடுத்த பை. இரண்டு குச்சிகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 வடிவங்கள்தான் வர முடியும். நியாயமாகிவிட்டது, சரி. ஆனால் வேகம் மட்டும் கூடாமல் இருந்தால், முறை தெரிந்தவர் முடிவே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கலாம். பள்ளத்தைத் திறந்து வைத்து இன்னும் கொஞ்சம் துணிவதா, மூடிவிட்டுத் தப்பிப்பதா என்று நெஞ்சு படபடக்கும் இடம் போய்விட்டது. என்னைக் கேட்டால் பழைய பதிப்பின் உயிரே அங்கேதான் இருந்தது.

ஒன்றில் அநியாயம், இன்னொன்றில் பயமே இல்லை. எதை அப்படியே திருப்பிக் கொடுப்பீர்கள்?

கடைசிஉயிர்

என்இஎஸ் பதிப்பில் இன்னொன்றும் உண்டு. 29-வது லெவலில் வடிவங்கள் விழும் வேகம் சட்டென இரட்டிப்பாகும். அதற்கு மேல் மனிதக் கைகளால் முடியாது என்றுதான் பல ஆண்டுகள் நம்பினார்கள். அப்புறம் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தை விரல்களால் வரிசையாகத் தட்டும் உத்தி வந்தது. 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-வது லெவல் வரை போய் கேமையே உறைய வைத்தான். அங்கே வரைக்கும் ஒரு ஆள் வருவான் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள்.

பேக்மேனிலும் இதே கதைதான். 1980-ல் வந்த, பேய்களிடமிருந்து தப்பியபடி பாதையில் இருக்கும் புள்ளிகளைத் தின்னும் கேம். 256-வது லெவலில் எண்ணிக்கை 8 பிட்டுக்குள் (அதில் 255 வரைதான் எண்ண முடியும்) அடங்காமல் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் குப்பையுமாகிவிடும், தாண்டிப் போக வழியில்லை. ஆனால் அங்கே கேம் முடிந்துபோவதால்தான் 33,33,360 என்று ஓர் உச்சபட்ச ஸ்கோர் அதற்கு இருக்கிறது. ஒரு புள்ளிகூட விடாமல், ஒரு உயிர்கூடப் போகாமல், ஒவ்வொரு முறையும் நான்கு பேய்களையும் தின்று, 255 லெவலையும் முடித்தவர்களுக்குக் கிடைப்பது. அந்த பக், அதாவது நிரலில் இருக்கும் பிழை, இல்லையென்றால் இப்படியொரு எல்லையே இருந்திருக்காது.

பிக்சல்பூனை

பேக்மேன் என் கைக்கு வந்தால் அந்த பக்கைத் தொடவே மாட்டேன். தெரியாமல் வந்து விழுந்ததாகவே இருக்கட்டும், அதுதான் அந்த கேமின் கடைசிச் சுவர்.

நீலப்போர்ட்டல்

பழைய கேம்களிலேயே நிற்கிறீர்கள். என் பதில் போர்ட்டல், 2007. இரண்டு இடங்களில் வாசல் திறந்து, ஒன்றுக்குள் நுழைந்து மற்றதில் வெளியே வரும் புதிர் கேம்.

அந்த கேம் சொல்லிக் கொடுக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. வாசல்கள் தாமாகத் திறக்கும், நீங்கள் நடந்து போனால் போதும். ஒரு வாசல் வழியாக எட்டிப் பார்க்கும்போது உங்கள் முதுகே தெரியும். "ஓ, அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வருகிறேன்" என்று மூளை அப்போதே பழகிவிடும். அப்புறம் நீல வாசலை மட்டும் திறக்கும் துப்பாக்கி கிடைக்கும். ஆரஞ்சு நிறமும் சேர்ந்து கைக்கு வருவது 11-வது அறையில்தான். அதற்குள், உயரத்திலிருந்து தரையில் இருக்கும் வாசலுக்குள் விழுந்தால் அதே வேகத்தில் சுவரிலிருந்து வெளியே பாய்வோம் என்பது உங்கள் உடம்புக்கே தெரிந்திருக்கும். எங்கேயும் பாடம் நடத்தவில்லை. நாமே கண்டுபிடித்த மாதிரிதான் இருக்கும்.

மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். இழுத்துப் பிடித்த இடம் ஒன்றுகூடக் கிடையாது. 2011-ல் வந்த இரண்டாம் பாகம் இதைவிடப் பெரியது, சிரிப்பும் அதிகம். ஆனால் அந்தப் பழைய நிலவறைப் பகுதிகளில் புதிரைத் தீர்ப்பதைவிட, வாசல் ஒட்டக்கூடிய வெள்ளைச் சுவர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் பெரிய வேலை. முதல் பாகத்தில் கண்ணுக்கு முன்னால் எல்லாமே இருக்கும், நமக்குத் தோன்றுவதுதான் பாக்கி.

கடைசிஉயிர்

போர்ட்டல் அருமையான கேம், மறுப்பே இல்லை. ஆனால் சின்ன வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது சுலபம். நான்கு மணி நேரம், ஒரே ஒரு கருவி, பேசுவதற்கு ஒரே ஒரு குரல். குறை வராமல் பார்த்துக்கொள்ளலாம். விட்சர் 3 மாதிரி ஓர் உலகத்தையே கட்டுபவர்கள் ஆயிரம் இடங்களில் தடுமாறத்தான் செய்வார்கள். குறை இல்லாமையை மட்டும் அளவுகோலாக வைத்தால், துணிந்தவர்களுக்குத் தண்டனை, அடக்கி வாசித்தவர்களுக்குப் பரிசு என்றாகிவிடும்.

நீலப்போர்ட்டல்

அடக்கி வாசிப்பதைச் சுலபம் என்று சொல்வதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே கருவியை வைத்துக்கொண்டு சலிக்காமல் நான்கு மணி நேரம் கொண்டு போகச் சொல்லுங்கள், எத்தனை பேரால் முடிகிறது என்று பார்ப்போம்.

பழையமெமரிகார்டு

எட்டுபிட் ஆக்கரினாவை ஆரம்பத்திலேயே ஓரம் கட்டிவிட்டார். நான் அதை மறுபடி உள்ளே கொண்டு வருகிறேன், குறை இல்லாத கேம் என்று நிரூபிக்க இல்லை. "தொடுவேன், தொடமாட்டேன்" என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்த கேமில் உண்மையாகவே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

நீர்க்கோயில். ஆடியவர்களுக்குப் பெயரைக் கேட்டாலே போதும். மூன்று மாடி உயரம், நடுவில் ஒரு கோபுரம், முழுக்கத் தண்ணீர். மூன்று இடங்களில் ஆக்கரினா என்ற ஊதுகருவியில் தாலாட்டை வாசித்தால் நீர்மட்டம் ஏறும், இறங்கும். அடியில் நடக்க இரும்புக் காலணி போட வேண்டும், மேலே மிதக்கக் கழற்ற வேண்டும். 1998 பதிப்பில் காலணியை மாட்ட கேமை நிறுத்தி, மெனுவைத் திருப்பி, உடைகள் இருக்கும் பக்கத்துக்குப் போய், காலணியைத் தேர்ந்தெடுத்து, மூடிவிட்டு வர வேண்டும். பத்தடி நடந்ததும் கழற்ற வேண்டியிருக்கும். மறுபடி அதே வேலை. கோயில் முழுக்க இப்படித்தான்.

அந்தக் கோயில்களை வடிவமைத்த எய்ஜி அவோனுமா பின்னாளில் இதற்காக வெளிப்படையாக வருத்தமே தெரிவித்தார். 2011-ல் 3டிஎஸ் கன்சோலுக்கு மறுபதிப்பு வந்தபோது இரண்டு திருத்தங்கள் செய்தார்கள். காலணியை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம், தட்டினால் போடும், தட்டினால் கழற்றும். அதோடு, நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டச் சுவர்களில் நிறக் கோடுகள் போட்டார்கள்.

முதல் திருத்தம் நூற்றுக்கு நூறு சரி. மெனுவுக்குப் போய் வருவதில் எந்த சுகமும் இல்லை, அதை எடுத்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

அந்த நிறக் கோடுகள்தான் என்னை உறுத்துகின்றன. நீர்க்கோயிலின் புதிர் எந்த ஓர் அறைக்குள்ளும் இல்லை, மொத்தக் கட்டடமும்தான் புதிர். தண்ணீர் நடு மட்டத்தில் இருக்கும்போது எந்தக் கதவு எட்டும், இறக்கினால் எது மூடிக்கொள்ளும், கோபுரத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சந்து எப்போது தெரியும் என்று முழுக் கட்டடத்தையும் தலைக்குள் சுமக்க வேண்டும். வழி தெரியாமல் திரிவது அதில் ஒரு பகுதி. கோடு போட்டதும் கட்டடத்தைச் சுமக்கும் தேவை குறைந்துவிடுகிறது, கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் போதும்.

ஒரே கோயில், ஒரே ஆண்டு, ஒரே குழு. ஒரு திருத்தம் குறையை எடுத்தது. இன்னொன்று குறை என்று நினைத்து கேமையே கொஞ்சம் எடுத்துவிட்டது. என் கையில் கிடைத்தால் காலணியைத் தொடுவேன், கோடு போட மாட்டேன்.

மழைக்குருவி

பழையமெமரிகார்டு சொன்னதைப் படித்ததும் ஷேடோ ஆஃப் த கொலோசஸில் வரும் குதிரைதான் ஞாபகம் வந்தது. 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம், வீழ்த்த வேண்டிய 16 ராட்சதர்கள், நடுவில் வெறும் நிலம்.

அக்ரோ என்ற அந்தக் குதிரை மற்ற கேம்களில் வரும் குதிரைகள் மாதிரி இருக்காது. பட்டனைத் தட்டினால் ஓடச் சொல்லித் தூண்டுகிறோம், அவ்வளவுதான். திரும்பச் சொன்னால் ஒரு கணம் கழித்துத் திரும்பும், பள்ளத்தின் ஓரம் வந்தால் நாம் என்ன சொன்னாலும் தானே நின்றுவிடும். குறுகலான பாதையில் விட்டுவிட்டால் மரத்திலும் பாறையிலும் மோதாமல் தானாகவே வளைந்து போகும். ஆரம்பத்தில் கன்ட்ரோல் சரியில்லை என்றுதான் தோன்றும். நாமே ஓட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் சவாரி சீராகிவிடும். மணலுக்குள் நீந்தி வரும் அந்த நீளமான ராட்சதன் துரத்தும்போது, திரும்பி உட்கார்ந்து அதன் கண்ணில் அம்பு விட வேண்டும். முன்னால் பார்க்கவே முடியாது, குதிரையை நம்பித்தான் ஆக வேண்டும். சொன்ன நொடியில் சொன்ன பக்கம் திரும்பும் வண்டியாக இருந்தால் அந்தச் சண்டைக்கு அர்த்தமே இல்லை. கடைசியில் அந்தக் குதிரைக்கு நேர்வது நம்மை அப்படி உலுக்குவதும் இதனால்தான்.

அதே கேமில் ராட்சதன் பக்கத்தில் வந்ததும் ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு நொடியில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை, படுத்துவிடும். கன்சோலின் வலு அவ்வளவுதான். 2011-ல் பிளேஸ்டேஷன் 3-க்கு மெருகேற்றியபோது அதைச் சரிசெய்தார்கள், 2018 ரீமேக்கிலும் கேம் சீராக ஓடுகிறது. யாரும் பழைய தடுமாற்றம் போய்விட்டதே என்று அழவில்லை. குதிரையை மட்டும் "சரிசெய்திருந்தால்" நான் அழுதிருப்பேன்.

அதனால் எட்டுபிட் கேட்ட கேள்வியை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: இந்தக் குறையை எடுத்தால் கேம் அதே கேமாக இருக்குமா, வேறொன்றாகிவிடுமா? எடுத்தாலும் அதே கேம்தான் என்கிற குறை ஒன்றுகூட மிச்சமில்லாத கேம்தான் நீங்கள் தேடுவது.

எட்டுபிட்

இது நான் கேட்டதைவிட நல்ல கேள்வி. இதில் ஸ்பேஸ் இன்வேடர்ஸை வைத்துப் பாருங்கள். 1978-ல் டோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. 55 வேற்றுக்கிரகவாசிகள் திரையில் இருக்கும்போது கணினியால் அத்தனையையும் வேகமாக நகர்த்த முடியவில்லை. சுடச் சுட எண்ணிக்கை குறையும், மிச்சம் இருப்பவை தாமாகவே வேகம் பிடிக்கும். கடைசி ஒன்று பறக்கும். வன்பொருள் திணறியதால் வந்த விளைவு, அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். போகப் போகக் கடினமாகும் கேம் என்கிற வழக்கத்துக்கே அது ஒரு தொடக்கம். இன்றைய கணினியில் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நகர்த்திப் பாருங்கள், கேம் செத்துவிடும்.

1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடியைக் கோக்கலாம் என்பதும் யாரும் திட்டமிட்டது கிடையாது. தயாரிக்கும்போதே கண்ணில் பட்டது, ஆனால் நேரம் பிடித்து அடிப்பது கஷ்டம் என்று உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதற்குப் பின் வந்த சண்டை கேம்கள் எல்லாம் அந்த காம்போவின் மேல்தான் நிற்கின்றன.

ஜாய்ஸ்டிக்குக்கும் இப்போது பதில் சொல்ல முடிகிறது. குச்சி வராமல் போவது குதிரை மாதிரி, எடுத்தால் வேறு கேம். அதனால்தான் இரண்டு டெட்ரிஸ்களையும் இன்றும் தனித்தனியாக ஆடுகிறார்கள், தனித்தனியாகப் போட்டி வைக்கிறார்கள். நான் திருப்பிக் கொடுப்பது பழையதை.

மின்மினி

எல்லாரும் கேமைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆடுபவரைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. குறையே இல்லை என்று நண்பர்கள் கொண்டாடிய ஒரு புதிர் கேமில் பாதிக்கு மேல் என்னால் போக முடியவில்லை, ஏனென்றால் விடை அந்த நிறங்களில் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் குறியைப் போட்டிருந்தால் முடிந்தது. மழைக்குருவியின் கேள்வியைக் கேட்டால் கேம் அதேதான் இருந்திருக்கும்.

2018-ல் வந்த செலஸ்டியைப் பாருங்கள். மலை ஏறும், கொடூரமாகக் கடினமான கேம். ஆனால் மெனுவில் உதவி முறை என்று ஒன்று உண்டு. வேகத்தைக் குறைக்கலாம், சுவரைப் பிடித்துத் தொங்கும் வலு தீராமல் வைக்கலாம், சாகாமலேயே ஆடலாம். விரல்கள் ஒத்துழைக்காதவரும் மலை உச்சிக்குப் போகலாம்.

கடைசிஉயிர்

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. செலஸ்டியில் மலை ஏறுவது கஷ்டம் என்பதுதானே கதையே? சாகாமல் ஏறினால் அது குதிரையை வண்டியாக மாற்றுவது ஆகாதா?

மின்மினி

உங்களுக்கு எது கஷ்டமோ அதே அளவு கஷ்டம் எனக்கு வேறொரு வேகத்தில் வரலாம். வேகத்தை 70 சதவீதமாக வைத்து ஆடிய என் தோழி உங்களைவிடக் குறைவாகச் செத்தாள் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

ஜாய்ஸ்டிக்

மின்மினி பக்கம் நான். இன்னொன்று: உதவி முறையைத் தொடாதவர்களுக்கும் செலஸ்டி உதவிக்கொண்டேதான் இருக்கிறது. விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் சில ஃப்ரேம்கள் வரை குதிக்க விடும். குதிக்கும்போது தலை மூலையில் இடித்தால் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடும். தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே பட்டனை அழுத்தினாலும் ஞாபகம் வைத்துக்கொண்டு குதிக்கும். "துல்லியமான கன்ட்ரோல்" என்று நாம் பாராட்டுவது முழுக்க இந்த விட்டுக்கொடுத்தல்தான். ஆக அது எல்லாருக்கும் வளைந்து கொடுக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக.

பிக்சல்பூனை

ஆன்லைன் கேம்களை இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வாரம் ஒரு பேட்ச், அதாவது திருத்தம், வந்தால் எதைத் திருப்பிக் கொடுப்பது? தனி ஆள் கேம்களும் இப்போது அப்படித்தான். சைபர்பங்க் 2077 வெளியான அதே மாதம், 2020 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. 2023-ல் 2.0 பேட்ச் வந்த பிறகு ஆடுபவர் கிட்டத்தட்ட வேறு கேமை ஆடுகிறார்.

பழையமெமரிகார்டு

சேர்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. எந்தப் பதிப்பு என்று சொல்லிவிட்டுச் சேருங்கள்.

மழைக்குருவி

சரி, என் கேள்வியை வைத்து நானே ஒரு கேமைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இன்டு த பிரீச், 2018, சப்செட் கேம்ஸ்.

எட்டுக்கு எட்டு கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள், கட்டடங்களைப் பூச்சிகளிடமிருந்து காக்க வேண்டும். பூச்சிகள் முதலில் வந்து நின்று, எங்கே அடிக்கப் போகின்றன என்று காட்டிவிட்டு நிற்கும். அப்புறம் உங்கள் முறை. கொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அதன் அடி பக்கத்துப் பூச்சியின் மேல் விழும், கட்டடம் தப்பிக்கும். எல்லாத் தகவலும் கண்ணுக்கு முன்னால். தோற்றால் "நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வழியே இல்லை. ஒரு முறைக்கே வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், முடியவே முடியாது என்று தோன்றும் நிலையில் திடீரென ஒரு வழி தெரியும் பாருங்கள், அதற்கு ஈடு வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நகர்த்தியதைத் திரும்பப் பெறலாம். ஒரு சண்டைக்கு ஒரே ஒரு தடவை முழு முறையையும் பின்வாங்கலாம். அந்த ஒன்று என்பது கூட அளந்து வைத்த எண்.

ஜாய்ஸ்டிக்

நல்ல தேர்வு. ஆனால் திரையின் மேலே ஒரு சதவீதம் இருக்குமே, அதை என்ன செய்வீர்கள்? கட்டடத்தின் மேல் அடி விழுந்தாலும் சேதமாகாமல் தாங்கிவிட ஒரு சின்ன வாய்ப்பு. எல்லாமே கணக்காக நடக்கும் கேமில் அது ஒன்று மட்டும் பகடை. எனக்கு அது எப்போதும் உறுத்தல். நான் ஒழுங்காக ஆடாததால் விழ வேண்டிய அடி, கேம் பாவம் பார்த்ததால் விழவில்லை.

மழைக்குருவி

எனக்கும் முதலில் அதுதான் உறுத்தியது. ஆனால் அந்தப் பகடை ஒருபோதும் உங்களுக்கு எதிராக உருளாது. உங்கள் திட்டத்தைக் கெடுக்காது, அதை நம்பித் திட்டம் போடவும் முடியாது. அதை எடுத்துவிட்டால், எந்தக் கட்டடத்தையும் காப்பாற்ற வழியில்லை என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட முறையை ஆடி முடிக்கவே மனம் வராது, மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவோம். அது இருப்பதால் கடைசி நகர்வையும் யோசித்து வைக்கிறோம்.

ஜாய்ஸ்டிக்

எனக்கு எடுத்துவிட்டாலும் அதே கேம்தான். என் கையில் கிடைத்தால் அந்த எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பேன்.

எட்டுபிட்

நான் தொடமாட்டேன். மழைக்குருவி சொன்ன காரணத்தால் மட்டும் இல்லை. தோற்றால் இயந்திரத்தை ஓட்டும் ஒருவரை மட்டும் வேறொரு காலத்துக்கு அனுப்பி மறுபடி தொடங்கும் கதை அது. கடைசிக் கட்டடம் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் அந்தக் கதைக்குப் பொருத்தம்.

அடுத்து ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின்னை எடுத்துக்கொள்வோமா? கப்பலில் 60 பேர், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று எழுத வேண்டும், மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் கேம் ஒத்துக்கொள்ளும். இரண்டு பேரை உறுதியாகத் தெரிந்துகொண்டு மூன்றாவதை ஊகித்து ஊகித்து நிரப்பிவிடலாம் என்கிற ஓட்டை அதில் இருக்கிறது. அது காலணியா, குதிரையா? ஆடியவர்கள் சொல்லுங்கள். ஆடாதவர்களுக்காக யாருடைய முடிவையும் இங்கே போட வேண்டாம்.